இரண்டரை என்று எழுதியிருந்த பலகை

கண்ணு,

நேற்று நீ போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பாதியில் வைத்துவிட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை. நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாய். வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் கணக்கு ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்க்கும் ஜப்பான் முறையைத் தொடங்கப் போகிறார்கள், முதல் பாடத்தை நடத்த உன்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பழக்கிவிட வந்திருப்பது வேறு யாருமில்லை, நம் செல்வி சித்தி என்றாய். "சித்தி ஒரு கணக்குச் சொன்னாங்கம்மா, அசந்துட்டேன். ரெண்டு படி சாமை இருக்குது. ஒரு வேளைச் சோத்துக்கு முக்கால் படி போடோணும். எத்தனை வேளைக்கு வரும்? எங்க, நீ சொல்லு பாக்கலாம்" என்றாய். நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். "வர்ற வெள்ளிக்கிழமை லீவு போட்டுட்டு நீயும் வந்துரும்மா. சித்தியும் உன்னயக் கேட்டாங்க" என்றாய். அப்போதுதான் பால் பொங்கியது.

இதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வராது. போனில் சொன்னால், பாதி கேட்டதுமே "சரி விடும்மா" என்பாய். நீ நல்ல பிள்ளை, யாருக்குள்ளும் சண்டை இருப்பது உனக்குப் பிடிக்காது. அதனால் எழுதுகிறேன். நம்மைப் போல வகுப்பறையில் நின்று பிழைக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று நினைத்தே எழுதுகிறேன். செல்வி என்பது அவளுடைய உண்மைப் பெயரில்லை. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பயிற்சிக்காக நான் மலையிறங்கிச் சேலத்துக்குப் போய்வந்தது உனக்கு நினைவிருக்கலாம். அதுவரை நான் வேலை பார்த்த வருஷங்களில் இன்னொரு ஆசிரியர் என் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்து பார்த்ததே கிடையாது. நானும் யார் வகுப்பையும் பார்த்ததில்லை. வகுப்புக்குள் பெரியவர்கள் நுழைகிறார்கள் என்றால் அது இன்ஸ்பெக்‌ஷன், பிள்ளைகள் எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்வார்கள், நாம் பாடக்குறிப்பு நோட்டைத் தேடுவோம். அந்தப் பயிற்சியில் ஜப்பானில் எடுத்த ஒரு வகுப்பைத் திரையில் காட்டினார்கள். பத்துப் பதினைந்து ஆசிரியர்கள் சுவரோரம் நிற்கிறார்கள். ஒருவர்கூடப் பாடம் நடத்துபவரின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் குனிந்து பிள்ளைகளின் கையைப் பார்க்கிறார்கள், எதை எழுதி எதை அடிக்கிறது என்று. பாடம் முடிந்து உட்கார்ந்து பேசும்போது ஒருவரும் "நன்றாக நடத்தினீர்கள்" என்று சொல்லவில்லை. "அந்த மூலையில் இருந்த பையன் இந்த இடத்தில் நின்றுவிட்டான், நாம் இதை எதிர்பார்க்கவில்லை" என்றுதான் பேசினார்கள். நடத்தியவர் ஒருவர், பாடம் எல்லோருடையது. எனக்குப் பலகையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. இடது ஓரத்தில் தொடங்கி வலது ஓரம் வரைக்கும் பிள்ளைகள் சொன்னது அத்தனையும் எழுதியிருந்தது, தவறானவை உட்பட. பாடம் முடியும்வரை எதையும் அழிக்கக் கூடாதாம். அழித்துவிட்டால் வகுப்பு எந்த வழியாக வந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும் என்றார்கள்.

மலையேறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த செல்வியிடம்தான் முதலில் சொன்னேன். அவளும் அந்தப் பயிற்சிக்கு வந்திருந்தாள். ஆனால் மதியத்துக்கு மேல் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராசிபுரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டு வந்து பஸ் ஏறினாள். ஒவ்வொரு வளைவிலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நாம செய்யலாங்க்கா. யார் தடுக்கறாங்க?" என்றாள். அவளை உனக்குத் தெரியும். இந்த மலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் புதிதாக வேலைக்கு வந்தபோது, வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்து, பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவளை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தேன். அதன்பிறகு வாரம் முழுக்க இங்கே வாடகை அறையில் தங்கி, சனிக்கிழமைதோறும் கீழே போவாள். பாதி நாள் நம் வீட்டில்தான் சாப்பாடு. உனக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்தது அவள். தேற்றத்தை மனப்பாடம் செய்கிறாய் என்று உன் தலையில் குட்டியவளும் அவள். உடன்பிறந்தவள் இல்லாத எனக்கு அவள் அப்படித்தான் இருந்தாள்.

மூன்றாவது ஆளாக, பக்கத்துப் பள்ளியில் ஓய்வு பெறப் போகிற முருகேசன் சார் வந்தார். சனிக்கிழமை காலைகளில் நம் சாப்பாட்டு மேசைதான் எங்கள் அலுவலகம். அதனால் செல்வி கீழே போவதை மதிய பஸ்ஸுக்குத் தள்ளிப்போட்டாள். உன் அப்பா வாசலில் மிளகைப் பாயில் பரப்பிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஒரு கணக்க மூணு டீச்சரு சேந்து மாசக்கணக்காப் போடறீங்களே, அப்படி என்ன கணக்குங்க அது?" என்பார். "அதாங்க எனக்கும் பயமா இருக்குது, நான் ரிட்டயர் ஆறதுக்குள்ள முடிஞ்சிருமுங்களா?" என்பார் முருகேசன் சார். ஆறாம் வகுப்பில் பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கிற பாடம். தலைகீழாக்கிப் பெருக்கு என்று சொல்லிக்கொடுத்துவிட்டால் பிள்ளைகள் போட்டுவிடும், ஆனால் ஏன் என்று ஒன்றுக்கும் தெரியாது. அதற்கு ஒரே ஒரு கணக்குத் தேடினோம். வகுப்பு முழுவதும் அந்த ஒரு கணக்குத்தான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. முதலில் மூன்று படி சாமை என்று எழுதியவள் நான். மூன்று படியில் முக்கால் முக்காலாக எடுத்தால் சரியாக நான்கு வேளை வரும், மிச்சம் இருக்காது, பிள்ளைகள் தடுமாறாது. செல்விதான் பேனாவைப் பிடுங்கி மூன்றை இரண்டாக்கினாள். மிச்சம் வந்தால்தான் யோசிப்பார்கள் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அரைமணி நேரம் சண்டை. அப்போது வறுத்த நிலக்கடலையை அள்ளிக்கொண்டு போக நீ வந்தாய். "சாமி, இங்க வா" என்று அவள் உன்னைக் கூப்பிட்டாள். கணக்கைச் சொன்னாள். வாயில் கடலையோடு, ஒரு விநாடிகூட யோசிக்காமல், "ரெண்டரை" என்றாய்.

"எப்படி?"

"ரெண்டு வேளைக்கு ஒன்றரை படி போயிரும். மிச்சம் அரை. ரெண்டும் அரையும் ரெண்டரை."

செல்வி மேசையைத் தட்டிச் சிரித்தாள். "அக்கா, பாத்துக்கங்க. கணக்கு குரூப்புக்காரனே விழுகறான். இதுதானுங்க்கா நம்ம கணக்கு. ரெண்டு படியே இருக்கட்டும்."

"இதுல என்ன தப்பு?" என்று உனக்குக் கோபம். "மிச்சம் அரை படிடா. அரை வேளையா?" என்று முருகேசன் சார் கேட்டார். உனக்குப் புரியவில்லை. விடையைச் சொல்ல வந்த என்னைச் செல்வி தடுத்துவிட்டாள். அன்று முழுக்க நீ எங்களோடு பேசவில்லை. மறுநாள் பல் தேய்த்துக்கொண்டே அடுப்படிக்கு வந்து, "மூணுல ரெண்டு பங்கு. ரெண்டரை இல்ல, ரெண்டும் மூணுல ரெண்டும்" என்று நுரையோடு சொன்னாய். திங்கட்கிழமை அதைச் செல்வியிடம் சொன்னபோது அவள்தான் திட்டத்தின் கடைசி வரியை மாற்றினாள். "இவனுக்கே ஒரு ராத்திரி வேண்டியிருந்துதுங்க்கா. அந்தப் புள்ளைங்களுக்கும் ஒரு ராத்திரி குடுப்போம். மணி அடிக்கறதுக்குள்ள விடை வர்லீன்னா நாம சொல்லக் கூடாது. தப்பு பலகையிலயே கெடக்கட்டும், அடுத்த நாள் வந்து பாத்துக்கட்டும்." அதை என் கையால் எழுதி, மூவரும் சரி என்று சொன்னோம். யார் நின்று நடத்தினாலும் கேள்வி வந்தால் மூவரும் பதில் சொல்வது என்றும் பேசிக்கொண்டோம்.

நேற்று நீ அந்தக் கணக்கைச் சித்தி சொன்ன கணக்கு என்றாய். அது உன் வாயிலிருந்து பிறந்த கணக்கு, கண்ணு. உனக்கு அது நினைவில்லாமல் போனது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உன்னால் ஊகிக்க முடியாது. ஆனால் அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. கடலை தின்ன வந்தவன் நீ.

என் வகுப்பில்தான் முதலில் நடத்துவது என்று முடிவானது. அப்போது நீ கல்லூரி விடுதிக்குப் போயிருந்தாய். பின்னால் சுவரோரம் உங்களுக்கும் சேர்த்து மூன்று நாற்காலிகள் போதும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருந்தேன். வெளிப் பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் வருகிறார்கள் என்றதும் அவர் வட்டாரக் கல்வி அலுவலரையும் அழைத்துவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, நாலு பேர் வருகிறார்கள் என்றால் அதிகாரியைக் கூப்பிடாமல் இருக்க அவருக்குத் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்தபடி, துண்டு விரித்த நாற்காலி. மேசையில் பொன்னாடையும் பிஸ்கட்டும். "நேத்தே ஒருக்கா இதே பாடத்த நடத்திப் புள்ளைங்களப் பழக்கியிருக்கலாமுங்களே டீச்சர்" என்று என் காதருகில் சொன்னார். நான் சிரித்து வைத்தேன்.

பாடம் நன்றாகப் போனது. இதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்லவில்லை. சந்தியா என்று ஒரு பிள்ளை எழுந்து, உன்னைப் போலவே, "ரெண்டு வேளை போவ அரை படி மிச்சமுங்க டீச்சர், அப்ப ரெண்டரை" என்றாள். "அரை படி ஒரு வேளைக்கு எங்க பத்தும்? ரெண்டுதான்" என்றான் ஒருவன். "எங்கூட்டுல அரை படி போட்டுத் தண்ணி நெறைய ஊத்திக் கஞ்சியாக் காச்சிருவாங்க. மூணு வேளைங்க டீச்சர்" என்றாள் இன்னொருத்தி. வகுப்பே சிரித்தது. நான் எதையும் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. இரண்டு, இரண்டரை, மூன்று என்று இடமிருந்து வலமாக எழுதினேன், ஒவ்வொன்றின் கீழும் அவர்கள் சொன்ன காரணத்தோடு. செல்வி சந்தியாவின் பின்னால் குனிந்து நின்று மும்முரமாகக் குறித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். மணி அடித்தது. சாப்பாட்டுக்குப் போகும்போதுகூடப் பிள்ளைகள் இரண்டா இரண்டரையா என்று அடித்துக்கொண்டுதான் போயின.

பேச உட்கார்ந்தோம். அலுவலர்தான் முதலில் பேசினார். "மூணு விடை எழுதியிருக்கீங்க. மூணும் தப்பு. சரியான விடை எங்கம்மா?"

"நாளைக்குங்க சார்" என்றேன்.

"பசிக்குதுன்னு வர்ற புள்ளைக்கு நாளைக்கு வான்னு சொல்வீங்களா?" யாரோ சிரித்தார்கள். "இந்தக் கணக்க யாரு எடுத்தது?"

நான் வாயைத் திறக்கவில்லை. பயந்து அல்ல. செல்வி சொல்வாள் என்று இருந்தேன். ஏன் இரண்டு படி, ஏன் ஒரு ராத்திரி என்று என்னைவிட அழகாக அவளால் சொல்ல முடியும். அவள் எழுந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. அவள் நேராகப் பலகையிடம் போய், டஸ்டரை எடுத்து, இரண்டரையை முதலில் அழித்தாள். பிறகு இரண்டை, மூன்றை, கீழே இருந்த பிள்ளைகளின் பேச்சையெல்லாம். சுத்தமாகத் துடைத்துவிட்டு, மூன்றில் எட்டு, அதாவது இரண்டும் மூன்றில் இரண்டும் என்று விடையை எழுதினாள். திரும்பி, "நான் அப்பவே மூணு படின்னு போடலாமுன்னு சொன்னேனுங்க சார். சரியா நாலு வேளை வந்துரும். அக்காதான் கேக்கல" என்றாள்.

முருகேசன் சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் கையில் டஸ்டர் இருந்தது. பொய்யைக்கூட நான் பொறுத்திருப்பேன், கண்ணு. வாயில் வந்துவிட்ட சொல்லை மனிதர்கள் பிறகு நினைத்து வருந்துவார்கள். ஆனால் பலகையை அழிக்கக் கூடாது என்பதை இந்த மலையில் அறிந்தவர்கள் மூன்றே பேர். அவள் அறிந்தே அழித்தாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும் பிள்ளைகளுக்குச் சண்டை போட எதுவும் மிச்சமிருக்காது என்று தெரிந்தே விடையை எழுதினாள்.

பிள்ளைகள் வருவதற்குள் அதை நான் துடைத்தேன். மறுநாள் இரண்டு, இரண்டரை, மூன்று என்று திரும்ப எழுதிவிட்டு நின்றேன். சந்தியா வந்து முக்கால் படியை மூன்று கட்டமாகப் போட்டாள். ஒவ்வொரு கட்டமும் கால் படி. மிச்சம் இருந்த அரைப் படிக்கு இரண்டு கட்டம். வெகுநேரம் பார்த்தாள். "மூணுல ரெண்டுதான் இருக்குது. அப்ப ரெண்டரை இல்லீங்க டீச்சர், அதுக்குக் கொஞ்சம் மேல" என்றாள். நீ நுரையோடு சொன்ன அதே விடை. பின்சுவரோரம் மூன்று நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன. நாங்கள் மாதக்கணக்காகக் காத்திருந்த நிமிஷம் அது, பார்க்க ஆளில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகள் நின்றுபோயின. ஆசிரியர் கூட்டங்களில் எனக்கு "ரெண்டரை டீச்சர்" என்று பெயர். "என்னுங்க டீச்சர், ஜப்பான்ல இப்ப மணி என்னுங்க? ரெண்டரையா?" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். அடுத்த கல்வியாண்டில் செல்விக்குக் கீழே மாறுதல் கிடைத்தது, பயிற்சி நிறுவனத்தில், இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை. ஸ்வீட் பெட்டியோடு சொல்லிக்கொள்ள வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். "மனசுல வெச்சுக்காதீங்க்கா. எம் மாறுதல் ஃபைல் அந்த ஆபீசர் மேசையில கெடந்துது. புள்ளைய நான் இனிமேலும் வாரக்கடைசியில மட்டும் பாத்துட்டு இருக்க முடியுமா, சொல்லுங்க" என்றாள். முடியாதுதான். அந்தப் பிள்ளையின் காய்ச்சலையும், அந்த வளைவுகளையும் என்னைப் போல அறிந்தவர் யார்? காரணம் எனக்கு முழுசாகப் புரிந்தது. "நல்லபடியாப் போய்ட்டு வா" என்றேன். உள்ளே வா என்று சொல்லவில்லை. சித்தி ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை என்று நீ கேட்டபோது, கீழே போய்விட்டாள், வேலை அதிகம் என்றேன்.

அவள் கணக்கைத் திருடவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு படி அவளுடைய எண்ணம்தான், ஒரு ராத்திரி கொடுப்பதும் அவளுடையதுதான். இன்று அதை அவள் ஊர் ஊராகச் சொல்கிறாள் என்றால் சொல்ல உரிமை இருக்கிறது. கைதட்டல் வருகிற இடத்தில் அவளுடையதாக இருக்கிற கணக்கு, கேள்வி வந்த இடத்தில் என்னுடையதாக இருந்தது. நான் இத்தனை நாளாக அதை மட்டும்தான் மென்றுகொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு அந்தப் பாடத்தை நடத்த மாட்டேன் என்று நீ சொல்லிவிடக் கூடாது. அதற்காக நான் எழுதவில்லை. அது நல்ல கணக்கு, அந்த முறை நல்ல முறை. கெட்டுப்போனது அதற்குள் நாங்கள் கொண்டுவந்த பயம். ஆகவே உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். நாற்காலிகளை நீயே போடு, எல்லாம் பின்சுவரோரம். அதிகாரி வந்தால் அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, ஒரு பிள்ளையைக் காட்டி, அது என்ன எழுதுகிறது என்று குறித்துத் தரச் சொல். வேலை கொடுத்துவிட்டால் தீர்ப்புச் சொல்ல நேரமிருக்காது. முந்தின நாளே உன் கூட்டாளிகளை உட்காரவைத்து, மணி அடிக்கும்போது பலகையில் தப்பு மட்டும் இருந்தால் யார் எழுந்து பேசுவார்கள் என்று கேள். சரி சரி என்று தலையாட்டுவதை நம்பாதே, நாங்களும் ஆட்டியவர்கள்தான். அவர்கள் முகத்தைப் பார். செல்வியின் முகத்தையும் பார். அவளை மரியாதையாகச் சித்தி என்றே கூப்பிடு. உன் தலையில் அவள் குட்டிய குட்டு பொய்யில்லை.

நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு இறங்கிவிடுவேன். அவளுக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். சாப்பிட்டீங்களா என்று அவள் கேட்டால் பதில் சொல்வேன், அதற்கு மேல் என்னிடம் எதுவும் இருக்குமா என்று தெரியவில்லை. உன் முகத்தைப் பார்க்க மாட்டேன், நீயும் நான் வந்திருப்பதை நினைக்காதே. ஏதாவது ஒரு பிள்ளையின் பின்னால் போய் நின்று அதன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்தக் கணக்கை யார் எடுத்தது என்று எவராவது கேட்டால், நான் வாயைத் திறக்க மாட்டேன். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் செய், சாமி. பாடத்தைத் தொடங்கும் முன் பலகையை நன்றாகத் துடைத்துவிட்டு, டஸ்டரை என்னிடம் கொடுத்துவிடு. அதை நான் என் கையில் வைத்திருக்கிறேன்.

அம்மா